பிப்ரவரியில் ஐரோப்பியத் தெருமரங்கள் ஏன் மொட்டையாக நிற்கின்றன?

இந்தக் குளிர்காலத்தில் வேலைக்காக பிராங்க்பர்ட் வந்து சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கிறார்: “மைன் ஆற்றங்கரையில் வரிசையாக மரங்கள் நிற்கின்றன. ஒன்றிலும் ஒரு குச்சிகூட இல்லை. நாலைந்து தடித்த கிளைகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன, நுனியில் முண்டும் முடிச்சுமாக. மரத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிற நாட்டில் இப்படி வெட்டலாமா? இவை மறுபடி துளிர்க்குமா? அதுவும் குளிர் முடியப்போகிற நேரத்தில் ஏன் வெட்டுகிறார்கள்?”

நான் தெருமரப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். முதலில் தென் பிரான்சிலும் பிறகு ஜெர்மனியிலும் இந்த மாதிரி மரங்களில் ஏறிக் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துளிர்க்கும், கட்டாயம் துளிர்க்கும். நீங்கள் பார்த்தவை பிளேன் மரங்கள். ஏப்ரல் கடைசியில் அந்த முடிச்சுகளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். மே மாதம் ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் கொத்தாகச் சிம்புகள் (இளங்கிளைகள்) கிளம்பும். ஆகஸ்டுக்குள் அவை ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, உள்ளங்கையை விடப் பெரிய இலைகளோடு நடைபாதையை மூடிவிடும். அடுத்த குளிர்காலத்திலோ, இரண்டு மூன்று குளிர்காலம் கழித்தோ, அந்தச் சிம்புகளை மறுபடி அதே இடத்தில் வெட்டுவார்கள். மரம் சாகவில்லை, அதற்கு நோயும் இல்லை. சொல்லப்போனால் இப்படி ஒழுங்காக வெட்டப்படும் மரம், வெட்டப்படாத தன் இனத்து மரத்தைவிட நீண்ட நாள் வாழ்வதும் உண்டு. ஒரே நிபந்தனை, தொடங்கிய வேலையை நிறுத்தக் கூடாது. இந்த முறையைப் பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் அந்த நிபந்தனையில்தான் வந்து நிற்கும்.

ஆங்கிலத்தில் இதைப் பொல்லார்டிங் என்பார்கள். இங்கே தலைக்கவாத்து என்றே எழுதுகிறேன். நம் வீட்டு முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்டால் வெட்டிய இடத்திலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கிறதே, அடிப்படை அதுதான். ஆனால் இங்கே அதை நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அங்கேதான் விஷயம் வேறாகிறது.

மரம் இளசாக, தண்டு கைக்கு அடங்குகிற பருமனில் இருக்கும்போதே இந்த வேலை தொடங்கிவிடும். தரையிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் உயரத்தில் நடுத்தண்டை வெட்டுவார்கள். அங்கே கிளம்பும் சிம்புகளில் நல்ல திசையில் போகிற நாலைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுவார்கள். அந்த நாலைந்தும் சில ஆண்டுகளில் கைகளாகும். தேவையான நீளம் வந்ததும் அவற்றின் நுனியை வெட்டி, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் அந்த நுனியில் வருகிற சிம்புகளை மட்டும் அடியோடு எடுப்பார்கள். கையை வெட்டுவது கிடையாது. முடிச்சையும் தொடக் கூடாது. இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் இந்தக் கலையில் பாதி தெரிந்த மாதிரி.

அந்த முடிச்சைப் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் பூனைத்தலை என்பார்கள். பார்க்க அழகில்லாமல் இருக்கலாம், ஆனால் மரத்தின் முழு உயிர்த்துடிப்பும் அங்கேதான் கூடியிருக்கிறது. ஒவ்வொரு முறை சிம்பை எடுக்கும்போதும் மரம் அந்தக் காயத்தின் மேல் புதுத் திசுவை வளர்த்து மூடுகிறது. அப்படி அடுக்கடுக்காக வளர்ந்த திசுதான் முடிச்சு. அதன் பட்டைக்கு அடியில் ஏராளமான உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மாவுச்சத்து நிறையச் சேர்ந்திருக்கிறது. பூஞ்சையைத் தடுக்கிற வேதிப்பொருட்களும் அங்கே செறிவாக உள்ளன. அனுபவம் இல்லாத ஆள் “அசிங்கமாக இருக்கிறதே” என்று அந்த முடிச்சுக்குக் கீழே ரம்பம் வைத்தால், மரம் பல ஆண்டுகளாகக் கட்டிய அரணையும் சேமிப்பையும் ஒரே வெட்டில் இழக்கிறது.

சிம்பை வெட்டினால் ஒன்றும் ஆகாது, பெரிய கிளையை வெட்டினால் மட்டும் ஏன் ஆபத்து? காரணம் வைரம், அதாவது முதிர்ந்த மரத்தின் நடுவே இருக்கிற கெட்டியான கட்டை. ஒன்றிரண்டு வயதுச் சிம்பு முழுக்க வெளிறுதான், அதாவது உயிருள்ள இளங்கட்டை. அதில் இன்னும் வைரம் பாயவில்லை. வெளிறில் உயிருள்ள செல்கள் இருப்பதால் காயம் பட்ட உடனே அவை வேலையைத் தொடங்கி, உள்ளே அழுகல் பரவாமல் அடைத்துக்கொள்ளும். முதிர்ந்த கிளையின் நடுவே இருக்கும் கட்டையில் அந்தச் செல்கள் இல்லை. அது வெளியே தெரிந்துவிட்டால் தடுக்க ஆள் இல்லாத வாசல் மாதிரி ஆகிவிடும். பொதுவாக ஐந்து சென்டிமீட்டருக்குள் இருக்கிற வெட்டை மரம் சுலபமாகச் சமாளிக்கும். பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் பல இனங்களுக்குக் கஷ்டம்தான்.

இதை ஆராய்ந்து விளக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ. 1930இல் பிறந்து 2006இல் மறைந்தவர். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாட்டில் அறுத்துப் பார்த்து, மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை, மரம் கெட்ட பகுதியைச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிட்டுப் புதிதாக வெளியே வளர்கிறது என்று காட்டினார். 1970களில் அவர் இதை ஒரு கொள்கையாக முன்வைத்த பிறகு உலகமெங்கும் கவாத்து முறையே மாறியது. கண்ட இடத்தில் மரத்தின் தலையை வெட்டுவதைக் கடுமையாக எதிர்த்த அதே மனிதர், முறையான தலைக்கவாத்தைச் சரியான முறை என்று ஏற்றுக்கொண்டார். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். மரத்துக்கு அப்படி இல்லை.

சரி, ஏன் குளிர் முடிகிற நேரம்? இலையுதிர் மரம் கோடையில் தயாரித்த சர்க்கரையை இலை உதிர்வதற்குள் வேருக்கும் தண்டுக்கும் முடிச்சுக்கும் அனுப்பி மாவுச்சத்தாகச் சேமித்துவிடும். ஆகவே ஜனவரி, பிப்ரவரியில் சிம்பை எடுத்தால் மரத்துக்குப் பெரிய சேதம் இல்லை. இலை விரிந்த பிறகு வெட்டினால் கதை வேறு. அப்போதுதான் மரம் சேமிப்பை எல்லாம் செலவழித்துப் புது இலைகளை உண்டாக்கியிருக்கும். அவை சம்பாதித்துக் கொடுப்பதற்கு முன்பே பறித்துவிட்டால் மரம் இரண்டு பக்கமும் நஷ்டப்படும். இலையுதிர் காலத்தில் வெட்டினால் காயம் குளிர்காலம் முழுக்க மூடாமல் கிடக்கும். போதாக்குறைக்கு அந்தப் பருவத்தில்தான் காளான் வித்துகள் காற்றில் அதிகம். குளிரின் கடைசியில் வெட்டினால் சில வாரங்களில் மரம் விழித்து, காயத்தின் ஓரத்திலிருந்து திசு வளரத் தொடங்கிவிடும். எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. மேப்பிள், பிர்ச், வால்நட் போன்றவற்றுக்குக் குளிர் முடிகிற நேரத்தில் சாறு ஏறத் தொடங்கிவிடும். அப்போது வெட்டினால் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அதனால் அவற்றை வேறு பருவத்துக்குத் தள்ளிவைப்போம்.

ஜெர்மனியில் இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டம். கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, பறவைகள் கூடு கட்டுகிற காலத்தை ஒட்டி மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிகளையும் புதர்களையும் காட்டுக்கும் தோட்டத்துக்கும் வெளியே நிற்கிற மரங்களையும் கடுமையாக வெட்டத் தடை விதிக்கிறது. அந்தந்த ஆண்டின் வளர்ச்சியை லேசாகக் கழிப்பதற்கு விலக்கு உண்டு. ஆனாலும் நகராட்சிகள் பெரிய வேலையை எல்லாம் பிப்ரவரிக்குள் முடித்துவிடத்தான் பார்க்கும். பிப்ரவரி கடைசி வாரத்தில் தெருத்தெருவாக ஏற்றுக்கூடை வைத்த லாரிகளும் குச்சி அரைக்கிற எந்திரங்களும் நிற்பது இதனால்தான்.

இனி இது எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கலாம். நகரத்துக்கு வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இது கிராமத்து முறை. கிளை வெட்டி ஆடுமாடுகளுக்குத் தழை போடுகிற பழக்கம் ஐரோப்பாவில் புதிய கற்காலத்திலிருந்தே இருக்கிறது. மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் துளிர்ப்பதை எல்லாம் மேய்கிற மாடு தின்றுவிடும். அதனால் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள். கீழே மேய்ச்சல், மேலே விறகு என்று ஒரே நிலத்தில் இரண்டு விளைச்சல். ஆஷ், எல்ம் மரங்களின் தழையை வெட்டிக் காயவைத்துக் குளிர்காலத் தீவனமாக வைத்துக்கொண்டார்கள். வில்லோ வளாரில் கூடை பின்னினார்கள், வேலி கட்டினார்கள். ஸ்பெயினின் பாஸ்க் பகுதி மலைகளில் பீச் மரங்களைத் தலைக்கவாத்து செய்து இரும்பு உலைகளுக்குக் கரி எடுத்தார்கள். நெதர்லாந்தில் வில்லோ வளாரைப் பெரிய பெரிய பாய்களாகக் கட்டி, கல்லைப் போட்டு நீரில் அமிழ்த்தி, அணைகளுக்கும் கரைகளுக்கும் அடித்தளமாக்கினார்கள். கடலோடு மல்லுக்கட்டிய அந்த நாட்டில் இந்த மரம் கட்டுமானப் பொருளாகவே இருந்திருக்கிறது. வான்கோ 1882இல் ஹேக் நகரிலும் 1884 மார்ச்சில் நூனன் கிராமத்திலும் தலைவெட்டிய வில்லோவையும் பிர்ச்சையும் வரைந்ததற்குக் காரணம், அந்த நிலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவைதான் நின்றன.

பல இடங்களில் அடிமரம் நிலச்சுவான்தாருக்கு, கிளை குத்தகைக்காரருக்கு என்று வழக்கம் இருந்தது. ஏழைக் குடும்பத்துக்கு அடுப்பெரிக்கக் கிடைத்த உரிமை அது. லண்டனுக்கு வடகிழக்கே இருக்கிற எப்பிங் காட்டில் இந்த உரிமைக்காகப் பெரிய போராட்டமே நடந்தது. லவ்டன் கிராமத்து மக்களுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தக் காட்டு மரங்களில் கிளை வெட்டி விறகு எடுத்துக்கொள்கிற பழைய உரிமை இருந்தது. 1860களில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் காட்டை வளைத்து வேலி போடத் தொடங்கினார்கள். தாமஸ் வில்லிங்கேல் என்ற கூலித்தொழிலாளி அதை மதிக்காமல் போய் வழக்கம்போல் கிளை வெட்டினார். அவர் குடும்பத்தினர் சிறைக்குப் போனார்கள். வழக்கு நீண்டது, லண்டன் மாநகர நிர்வாகமும் வேலி போட்டவர்களுக்கு எதிராக வழக்கில் இறங்கியது. கடைசியில் 1878இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுக் காட்டைப் பொதுமக்களுக்காகக் காப்பாற்றியது.

காடு பிழைத்தது. ஆனால் அதே சட்டம் கிளை வெட்டும் உரிமையை முடித்துவைத்தது. இழப்பீட்டுப் பணத்தில் லவ்டனில் ஊருக்குப் பொதுவாக ஒரு மண்டபம் கட்டினார்கள். 1884இல் திறந்த அந்த மண்டபம், கிளை வெட்டுவதைக் குறிக்கும் லாப்பிங் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. கிளை வெட்ட ஆள் வராமல் போன பிறகு அந்தக் காட்டின் ஹார்ன்பீம், பீச் மரங்களுக்கு என்ன ஆனது என்பதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். விரலளவு, கையளவு பருமனில் வெட்டப்பட்டு வந்த சிம்புகள் நிற்காமல் வளர்ந்து, ஒவ்வொன்றும் தனி மரம் அளவுக்குக் கனத்துவிட்டன. அவை உட்கார்ந்திருப்பதோ உள்ளே பொந்து விழுந்த பழைய தண்டின் உச்சியில். காற்று அடித்தால் அந்தக் கனம் தண்டையே இரண்டாகப் பிளந்துவிடும். உச்சி அடர்ந்து போனதால் கீழே வெளிச்சமும் குறைந்தது. வெட்டுவதால் சாகாத மரம், வெட்டுவதை நிறுத்தியதால் சாகத் தொடங்கியது.

பர்ன்ஹாம் பீச்சஸ் காட்டிலும் இதே நிலைதான். லண்டன் மாநகர நிர்வாகம் 1880இல் வாங்கிய இடம் அது. சாதாரணமாக பீச் மரத்துக்கு வயது 250 என்றால், அங்கே தலைக்கவாத்து செய்யப்பட்ட பீச் மரங்கள் 400 ஆண்டுகளையும் தாண்டி நிற்கின்றன. உச்சி சின்னதாகவே இருந்ததால் காற்றின் அடியும் குறைவு, தண்ணீர்த் தேவையும் குறைவு. விட்டுப்போன கவாத்தை அங்கே மறுபடி தொடங்கியபோது, ஒரே நாளில் பழைய முடிச்சு வரை வெட்டிவிடவில்லை. அப்படி வெட்டியிருந்தால் மரம் செத்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் குறைத்து, இலையுள்ள கிளைகளை விட்டுவைத்து, மரம் அடியில் துளிர்க்கிறதா என்று பார்த்துப் பார்த்து, பல ஆண்டுகளில் செய்கிறார்கள். பொறுமை வேண்டிய வேலை. இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற வேலையும் அதுதான்.

நகரங்களுக்கு இது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் அரண்மனைத் தோட்டங்களில் மரத்தை வெட்டி ஒழுங்குபடுத்துகிற ரசனை வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் போன்ற நகரங்களில் அகலச் சாலைகள் போட்டு இரண்டு பக்கமும் மரம் நட்டார்கள். அதற்கு வாகாக வந்தது பிளேன் மரம். கிழக்கத்திய பிளேனும் அமெரிக்க பிளேனும் கலந்து 17ஆம் நூற்றாண்டு வாக்கில் உருவானதாகக் கருதப்படும் கலப்பினம் இது. நிலக்கரிப் புகை, இறுகிய மண், குறைந்த தண்ணீர் எதற்கும் அசராது. பட்டை உரிந்துகொண்டே இருக்கும், எவ்வளவு வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் அப்படியே விட்டால் முப்பது மீட்டர் உயரம் போகும். லண்டன் பெர்க்லி சதுக்கத்தில் 1789இல் நட்ட பிளேன் மரங்களைப் பாருங்கள். அவற்றுக்குச் சதுக்கம் முழுக்க இடம் இருக்கிறது. அதே மரத்தை மூன்று மாடி வீட்டுக்கு நாலு மீட்டர் தள்ளி நட்டுவிட்டு, மேலே டிராம் கம்பி, பக்கத்தில் ஜன்னல், கீழே கழிவுநீர்க் குழாய் என்றால் என்ன செய்வது? பெரிய மரத்தைச் சின்ன இடத்தில் வாழவைக்கிற வழி தலைக்கவாத்துதான்.

லண்டனில் மண்ணும் ஒரு காரணம். அங்கே களிமண், ஈரம் போனால் சுருங்கும். ஆழமில்லாத அடித்தளம் போட்ட பழைய வீடுகளின் பக்கத்தில் பெரிய மரம் தண்ணீரை உறிஞ்சினால் சுவர் விரிசல் விடும். 1976இல் வந்த கடும் வறட்சிக்குப் பிறகு இந்தப் பிரச்சினை காப்பீட்டு வழக்குகளாக உள்ளாட்சிகளின் தலையில் விழுந்தது. இலைப்பரப்பைக் குறைத்து வைத்தால் மரம் குடிக்கிற தண்ணீர் குறையும் என்பதால் பல பகுதிகளில் தெரு பிளேன்களையும் லிண்டன்களையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முறைவைத்து வெட்டுகிறார்கள். மரம் மிகச் சீக்கிரம் பழைய இலைப்பரப்பை மீட்டுக்கொள்ளும், எனவே ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை.

தெற்கே போனால் இதன் நோக்கமே வேறு. தென் பிரான்சின் புரோவான்ஸ் ஊர்களின் சதுக்கங்களில் பிளேன் மரக் கைகளைக் குட்டையாகவும் பரப்பாகவும் பழக்கியிருப்பார்கள். ஜூலையில் அதன் கீழே மேசை போட்டுச் சாப்பிடலாம், பெரியவர்கள் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள். ஜனவரியில் அதே இடத்தில் ஒரு இலை இருக்காது. கிடைக்கிற கொஞ்ச வெயிலும் முழுதாகத் தரைக்கு வரும். மல்பெரி மரத்தையும் அங்கே இப்படித்தான் பழக்குகிறார்கள். ஒரு காலத்தில் பட்டுப்புழுவுக்குத் தழை எடுக்க வெட்டிய மரம் இப்போது வீட்டு முற்றத்துக்கு நிழல் கொடுக்கிறது. ஸ்பெயினின் பர்கோஸ் நகரில் எஸ்போலோன் என்ற நடைபாதை இருக்கிறது. அங்கே பக்கத்துப் பக்கத்து பிளேன் மரங்களின் கைகளை ஒன்றோடொன்று இணைத்து ஒட்டவைத்திருக்கிறார்கள். இரண்டு மரத்தின் கிளை ஒரே கிளையாகக் கூடியிருப்பதைக் குளிர்காலத்தில்தான் தெளிவாகப் பார்க்க முடியும், கோடையில் இலை மறைத்துவிடும். வாய்ப்புக் கிடைத்தால் பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள் என்பேன். நெதர்லாந்துப் பண்ணைவீடுகளின் முன்னால் லிண்டன் மரங்களைத் தட்டி மாதிரி தட்டையாகப் பழக்கியிருப்பதும் நிழலுக்காகத்தான், வெயில் சுவரில் விழாமல் இருக்க.

இனி, உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தத்துக்கு வருகிறேன். அது முழுக்கத் தவறு இல்லை. தலைக்கவாத்து என்ற பெயரில் மரத்தைக் கெடுக்கிற வேலையும் ஐரோப்பாவில் நிறைய நடக்கிறது. ஐம்பது ஆண்டுகள் இயல்பாக வளர்ந்த மரத்தின் தொடை பருமன் கிளைகளை ஒரே குளிர்காலத்தில் அரைகுறையாக அறுத்துவிட்டு, “மொட்டையடித்துவிட்டோம், இனி தொல்லை இல்லை” என்று போய்விடுவார்கள். மரம் பதறிப்போய் வெட்டு விளிம்பில் ஏராளமான சிம்புகளை விடும். பார்க்கிறவர்கள் நன்றாகத் துளிர்த்துவிட்டது என்று நினைப்பார்கள். உள்ளே அந்தப் பெரிய வெட்டிலிருந்து அழுகல் இறங்கிக்கொண்டிருக்கும். விளிம்பில் மேலாக ஒட்டியிருக்கிற அந்தச் சிம்புகள் பத்துப் பதினைந்து ஆண்டில் கனத்து, அடி அழுகிய இடத்திலிருந்து பிய்ந்து விழும். தெருவில் நடப்பவருக்கும் ஆபத்து, மரத்துக்கும் முடிவு.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி இருக்கிறது. கிளை நுனி உருண்டு முண்டாக இருக்கிறதா, பட்டை அதைச் சுற்றி மூடியிருக்கிறதா, வெட்டுகள் எல்லாம் சின்னதாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது பழகிய மரம், கவலை வேண்டாம். தட்டு அகலத்துக்கு வெள்ளை வெளேரென்று தட்டையான வெட்டு தெரிந்தால், முண்டு எதுவும் இல்லாமல் கிளை சட்டென்று முடிந்தால், அங்கே வருத்தப்படலாம். நகராட்சிக்கு எழுதியும் கேட்கலாம். பிரான்சில் சாலையோர மர வரிசைகளுக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. 2016இல் வந்த அந்த விதியை 2022இல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். மரத்தை வெட்டி வீழ்த்துவது மட்டுமல்ல, அதன் ஆரோக்கியத்தைக் கெடுப்பதோ தோற்றத்தை அடியோடு மாற்றுவதோகூட அதன்படி தடைசெய்யப்பட்டதுதான்.

நல்ல முறையில் செய்தாலும் பழைய தலைக்கவாத்து மரங்களில் பொந்து விழுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்டின் வெளிவட்டம் திடமாக இருந்தால் மரம் நிற்கும், மேலே கனமும் குறைவு. அந்தப் பொந்தை நம்பி வாழ்கிற உயிர்கள் ஏராளம். நெதர்லாந்திலும் ஜெர்மனியின் ரைன் சமவெளியிலும் சின்ன ஆந்தை கூடு வைப்பது பழைய வில்லோப் பொந்துகளில். ஐரோப்பா முழுக்கப் பாதுகாக்கப்பட்ட துறவி வண்டு தன் புழுப்பருவம் முழுவதையும் இப்படிப்பட்ட பொந்தின் மக்கிய தூளில் கழிக்கிறது. வௌவால்களும் உண்டு. முடிச்சுத் தலைகளின் நடுவே மண் சேர்ந்து, அங்கே பெரணியும் எல்டர் செடியும் முளைத்திருப்பதைப் பார்க்கலாம். விறகுக்கு யாரும் வராத இந்தக் காலத்திலும் நெதர்லாந்தில் தன்னார்வலர் குழுக்கள் குளிர்காலம்தோறும் வயல்வெளிக்குப் போய் வில்லோ தலைகளை வெட்டிக்கொடுப்பது இந்த உயிர்களுக்காகவும்தான். மண்டை கனத்து மரம் பிளந்துவிட்டால் ஆந்தைக்கு வீடு போய்விடும்.

வெட்டுகிற எங்கள் கையாலேயே மரத்துக்கு வருகிற ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பிளேன் மரங்களுக்கு செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வருகிற நோய் ஒன்று உண்டு, மருந்து கிடையாது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அமெரிக்கப் படைகளின் வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தில் மார்சேய் துறைமுகத்துக்கு வந்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. தென் பிரான்சில் மிடி கால்வாயின் இருபுறமும் சுமார் 42,000 பிளேன் மரங்கள் இருந்தன. உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கால்வாயில் 2006இல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. அங்கே படகுகள் உரசுவதாலும் அது பரவியது. நகரங்களில் அது பரவுகிற முக்கிய வழி ரம்பம். ஒரு மரத்தின் சாறு ஒட்டிய பல்லோடு அடுத்த மரத்தில் வைத்தால் போதும். தெற்கே வேலை செய்பவர்கள் ஒவ்வொரு மரத்துக்கும் நடுவே ரம்பத்தைக் கிருமிநாசினியால் துடைப்பதைப் பார்த்தால், நேரம் கடத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஐரோப்பியக் கோடைகள் கடுமையாகிக்கொண்டு வருவதால் இந்தக் கவாத்தையே நிறுத்திவிடலாமே, மரம் பெரிதாக வளர்ந்தால் நிழல் அதிகம் கிடைக்குமே என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இடம் இருக்கிற பூங்காவில் புதிதாக நடுகிற மரத்துக்கு நானும் அதையேதான் சொல்வேன், தொடாமல் விடுங்கள். குறுகிய தெருவில் நடுவதாக இருந்தால் உயரம் போகாத இனமாகப் பார்த்து நடலாம். பிளேன்தான் வேண்டும் என்றால் தண்டு கைக்கு அடங்குகிற வயதிலேயே தலைக்கவாத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் எண்பது, நூறு ஆண்டுகளாக வெட்டப்பட்டு வரும் மரத்தை இனிமேல் விட்டுவிட முடியாது. எப்பிங் காட்டு மரங்களுக்கு நடந்ததுதான் தெருவிலும் நடக்கும், அங்கே கீழே ஆட்கள் நடப்பார்கள் என்பது மட்டும் வித்தியாசம். அந்த மரங்களில் நாம் மாற்றக்கூடியது இடைவெளியைத்தான். ஆண்டுதோறும் வெட்டினால் கோடையின் முதல் பாதி முழுக்க நிழல் மெலிந்தே இருக்கும், ஜூனில் வருகிற வெப்ப அலைக்கு உதவாது. இரண்டு அல்லது மூன்று குளிர்காலத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால், இடைப்பட்ட ஆண்டுகளில் மே மாதமே அடர்ந்த நிழல் கிடைக்கும். மூன்று வயதுச் சிம்பில் வைரம் பாய்ந்திருக்காது, காயமும் ஐந்து சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். ஒரே தெருவில் எல்லா மரத்தையும் ஒரே குளிர்காலத்தில் வெட்டாமல் முறைவைத்து வெட்டினால் தெரு ஒரு கோடையிலும் நிழல் இல்லாமல் கிடக்காது. செலவு கொஞ்சம் கூடும், லாரி ஒவ்வொரு ஆண்டும் அதே தெருவுக்கு வர வேண்டியிருக்கும். அந்தச் செலவைச் செய்யலாம் என்பதுதான் என் கருத்து.